அடுப்படியின் வெளிச்சுவர்

அந்தத் தையல்காரிக்கு ஊர் வைத்த பெயர் முந்நூறு. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் முந்நூறு. அக்கா என்று கூப்பிடுவதும் பாசத்தால் அல்ல, பயத்தால். அப்படி ஒரு வாய். சட்டையின் கை குட்டையாக இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டதற்கு, "சட்டைக் கை சரியாத்தான் இருக்கு, உன் கைதான் ஊருக்கெல்லாம் நீளுது" என்று சொல்லி அனுப்பியவள். அந்தப் பெண் அதற்குப் பிறகும் இவளிடம்தான் தைக்கக் கொடுத்தாள். தையல் அப்படி. எத்தனை துவைத்தாலும் ஒரு நூல் பிரியாது.

தெருவின் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு எட்டு தள்ளி, புகை உள்ளே வரக் கூடாதென்று தனியாகக் கட்டிய அடுப்படி. அதற்கும் பின்னால் முள்ளும் பாறையுமாக ஒரு சரிவு, அப்புறம் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரி. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சங்கு ஊதும், வெடி வைப்பார்கள், அலமாரியில் இருக்கிற டம்ளரெல்லாம் ஒருமுறை கலகலத்து ஓயும்.

அந்தக் குவாரியில்தான் அவள் புருஷனுக்கு வேலை. ஜல்லி லாரி ஓட்டுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், தையல் மெஷினுக்கு நேர் மேலே, ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சுவர் விரிசல் விட்டது. அவர் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக அவரை இழுத்து வந்து காட்டினாள்.

"பாருங்க. உங்க முதலாளி வைக்கிற வெடி எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "வீடுன்னா விரிசல் விடத்தான் செய்யும். சுண்ணாம்பு பூசினா போச்சு. சும்மா கத்தாத."

அந்த 'சும்மா'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தலையணையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். மனுஷன் தலையணையை எடுத்துத் தூசி தட்டினார், மடக்குக் கட்டிலையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு நாளில் தானாக வருவார் என்று அவள் நினைத்தாள். இரண்டு நாளில் தானாகக் கூப்பிடுவாள் என்று அவர் நினைத்தார். ஆறு வருஷம் ஓடிப்போயிற்று.

அவள் விடிந்து அடுப்பு மூட்ட வரும்போது கட்டில் மடங்கிக் கதவுக்குப் பின்னால் நிற்கும். பேச்சு நேருக்கு நேர் கிடையாது. "சோறு ஆறுது, தின்னுறவங்க தின்னலாம்" என்று அவள் தூணைப் பார்த்துச் சொல்வாள். "உப்புன்னு ஒண்ணு இருக்குறது சிலருக்கு மறந்துபோச்சு" என்று அவர் தட்டைப் பார்த்துச் சொல்வார். இந்தச் சங்கதி ஊருக்குத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை இருந்தது. அவருக்குத்தான் அதில் கவனம் கூடுதல். பொண்டாட்டி தலையணையை வெளியே எறிந்தாள் என்று மற்ற டிரைவர்களுக்குத் தெரிந்தால் வண்டி நிறுத்தும் இடத்தில் தலை காட்ட முடியுமா?

இந்த நிலையில்தான் உள்ளாட்சி அலுவலகப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மலையின் இந்தப் பக்கச் சரிவை விவசாய மண்டலத்திலிருந்து கல் எடுக்கும் மண்டலத்துக்கு மாற்றக் குவாரி முதலாளி மனுப் போட்டிருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் சொல்லலாம். சரிவில் வெள்ளையடித்த எல்லைக் கற்களும் முளைத்துவிட்டன. மலைக்கு அந்தப் பக்கம் வைத்த வெடிக்கே வாயைப் பிளந்த சுவர், பக்கத்தில் வைத்தால் நிற்குமா? அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அம்மா கொடுத்த வீடு.

அலுவலகத்துக்குப் போய் விதிப் புத்தகத்தைக் கேட்டாள். குமாஸ்தா "நாளைக்கு வாங்க" என்றான். "நாளைக்கு வந்தா நீ இருப்பியா, உன் நாற்காலி மட்டும் இருக்குமா?" என்று கேட்டு, புத்தகம் வருகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். ஒன்பதாம் விதி: கல் எடுக்கும் மண்டலத்தின் எல்லைக்கும் குடியிருப்பின் வெளிச்சுவருக்கும் நடுவில் குறைந்தது முந்நூறு மீட்டர் இருக்க வேண்டும்.

அன்றைக்கே தன் டேப்பை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். வெள்ளைக் கல்லில் ஆரம்பித்து, ஒவ்வொரு டேப் நீளத்துக்கும் பாறையில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு. முள் காலைக் கிழித்தது. ஆடு மேய்க்கிறவன் நின்று வேடிக்கை பார்த்தான். "என்னக்கா, மலைக்குச் சட்டை தைக்கிறீங்களா?" "இல்லடா, உனக்கு வாய்ப்பூட்டு தைக்கிறேன்" என்றாள் நிமிராமல். வீட்டின் பின்சுவரைத் தொட்டபோது நூற்றுத் தொண்ணூற்றேழரை டேப். டேப்புக்கு ஒன்றரை மீட்டர். ஆக இருநூற்றுத் தொண்ணூற்றாறு. நாலு மீட்டர் குறைகிறது! சிரித்தாள். அவள் சிரித்து ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கடையிலும் குழாயடியிலும் அவள் வாயில் முந்நூறைத் தவிர வேறு வார்த்தை இல்லை. பெயர் வந்தது அப்படித்தான்.

விசாரணை நாளன்று முதலாளி தன் டிரைவர்களையெல்லாம் கூட்டி வந்து கூடத்தை நிரப்பியிருந்தார். அவள் புருஷன் மூன்றாவது வரிசையில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நில அதிகாரி ஒரு பெண். யாரைப் பார்த்தாலும் கடுகடுப்பு. முதலாளி வைத்த குளிர்பானத்தை, "இதை முதல்ல எடுங்க, மேசை ஈரமாகுது" என்று தள்ளி வைத்தாள். பிறகு ஒரு தாளைப் பார்த்துப் படித்தாள்.

"கருவி வச்சு அளந்தாச்சு. வீட்டுப் பின்சுவரு வரைக்கும் முந்நூத்தி ஒரு மீட்டர்."

"பொய்!" என்று எழுந்தாள் தையல்காரி. "நான் அளந்தேன். இருநூத்தித் தொண்ணூத்தாறு."

"எதை வச்சு அளந்தீங்க?"

டேப்பைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தாள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் அளவுகோலைப் பக்கத்தில் வைத்தாள். "இது அறுபது அங்குலம். ஒன்றரை மீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு தடவையும் ரெண்டரை சென்டிமீட்டர்கிட்ட விட்டிருக்கீங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. துணிக் கணக்கில் அறுபது அங்குலம் என்றால் ஒன்றரை மீட்டர்தான். ஒரு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது தையல் மடிப்புக்குப் போய்விடும், எந்தத் தையல்காரரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. நூற்றுத் தொண்ணூற்றேழரை தடவை மடிப்புக்கு விட்டதில் அவள் வீடு கையை விட்டுப் போனது.

"ஏம்மா, இடுப்பளவு எடுக்கிற டேப்பால மலையை அளக்கலாமா?" என்றார் முதலாளி.

அவளுக்கு முகம் எரிந்தது. ஆனால் அந்த வாய் சும்மா இருக்கிற வாயா? "பின்சுவருன்னா எந்தச் சுவரு? பின்னால அடுப்படி இருக்குதே, அதை யாரு அளந்தா? அதோட வெளிச்சுவரு இன்னும் அஞ்சு மீட்டர் பக்கம்."

"அது சமையல் கொட்டகைங்க" என்றார் முதலாளி.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினாள். "குடியிருப்புன்னா, ஒருத்தராவது வழக்கமா உண்டு உறங்கும் கட்டடம். தனியா நின்னாலும் சேரும். அடுப்படியில சமைக்கிறீங்க, சாப்பிடுறீங்க, சரி. யாராவது படுக்கிறாங்களா?"

ஆறு வருஷம் மூடி வைத்த சங்கதி. வீடு பெரிதா, மானம் பெரிதா?

"என் வீட்டுக்காரர் படுக்கிறார்" என்றாள். "ஆறு வருஷமா."

டிரைவர்கள் வரிசை முழுக்கத் திரும்பி ஒரே ஒரு ஆளைப் பார்த்தது. எவனோ சீழ்க்கை அடித்தான். அதிகாரி அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். முதலாளி அவரைப் பார்க்கக்கூட இல்லை, தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தையல்காரி தன் புருஷனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை. அவளுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் அவர். "நான் வீட்டுக்குள்ளதான் படுக்கிறேன். எங்களுக்குள்ள ஒரு சண்டையும் கிடையாது. ஒத்துமையாத்தான் இருக்கோம்."

ஆறு வருஷத்தில் அவளைப் பற்றி அந்த மனுஷன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை! அதைச் சொல்லி வீட்டைக் கவிழ்த்தார். பாவி மனுஷன்!

"ஒரு வாரத்துக்குள்ள ஏதோ ஒரு காலையில நேர்ல வந்து பார்ப்பேன்" என்று அதிகாரி புத்தகத்தை மூடினாள்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மடக்குக் கட்டில் வீட்டுக்குள், விரிசலுக்குக் கீழே விரிந்து கிடந்தது. முதலாளி சொல்லி அனுப்பிய வேலை. அவர் அதன் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த நேரத்தில் விதியும் ஞாபகத்தில் இல்லை, மீட்டரும் ஞாபகத்தில் இல்லை. சத்தியமாக இல்லை. இந்த ஆளோடு ஒரே கூரைக்குக் கீழே ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்ற ஆத்திரம் ஒன்றுதான். தன் தலையணை, பாய், சீப்பு, அப்புறம் தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மெஷின் வாசற்படியில் இடித்துப் படி உடைந்தது. உடையட்டும் என்றாள்.

ஆறாம் நாள் காலையில் அதிகாரி வந்து நின்றாள். கூடவே முதலாளியும், பின்னால் அரைத் தெருவும். வீட்டுக்குள் போய் மடக்குக் கட்டிலைப் பார்த்தார்கள். "நான் சொன்னேன்ல" என்றார் முதலாளி. பிறகு அதிகாரி அடுப்படிக் கதவைத் தள்ளினாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் பாய், பாயில் தலையணை, ஆணியில் சீப்பு. தையல்காரி அப்போதுதான் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள்.

"இங்க ஏம்மா படுக்கிறீங்க?"

"உள்ள அந்த ஆளு படுத்திருக்கார். அவர் இருக்கிற கூரைக்குக் கீழ நான் படுக்க மாட்டேன். அவர் உள்ள வந்தா நான் வெளிய, நான் உள்ள இருந்தா அவர் வெளிய. போதுமா? தெருவே கேட்டுக்கட்டும்!"

"நாடகம்ங்க" என்றார் முதலாளி. "இந்த ஒரு வாரமா நடிக்கிறா."

அதிகாரி குனிந்து தரையைப் பார்த்தாள். பாய்க்கு ஓரமாக, சாணி மெழுகிய மண்தரையில் நாலு குழி. கட்டில் கால் அகலத்துக்கு, நாலும் சரியான இடைவெளியில். விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது ஒரு வாரத்துல விழுற குழி இல்ல" என்றாள். "வருஷக்கணக்கா ஒரு ஆளு படுத்த குழி. டிரைவரே, உங்க கட்டிலைக் கொண்டாந்து வச்சுப் பார்க்கலாமா?"

வாசலில் வந்து நின்றிருந்த அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கருவியை வைத்து அடுப்படியின் வெளிச்சுவரிலிருந்து அளந்தார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. அவள் முதலில் சொன்ன அதே எண். மனு தள்ளுபடி.

"ஆனா ஒண்ணு" என்று போகும்போது சொன்னாள் அதிகாரி. "எப்ப வேணும்னாலும் மறுபடி பார்ப்போம். இங்க யாரும் படுக்கலேன்னு தெரிஞ்சா, அன்னைக்கு முந்நூத்தி ஒண்ணுதான் கணக்கு."

முதலாளி அதைக் காதில் நன்றாக வாங்கிக்கொண்டார். மறுநாளே டிரைவரிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் சரிவில் ஒரு காவல்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான், அடுப்படி வாசலைப் பார்த்தபடி.

மாதங்கள் போயின. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், அடுப்படிக் கூரை ஒழுகி மெஷின் மேலேயே சொட்டியது. அவள் பாத்திரம் வைத்து ஏந்திக்கொண்டிருந்தாள். குடையோடு வாசலில் வந்து நின்றார் அவர். இந்த முறை வேறெங்கும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"கூரை ஒழுகுது. உள்ள வந்து படேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் காத்திருந்தவள் அவள். போய்விடலாம் என்று மனசு துடித்தது, உண்மையைச் சொன்னால் கால்கூட ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. அப்போது அவர் தோளுக்கு மேலே, சரிவில் மழையோடு மழையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரன் தெரிந்தான்.

"நான் உள்ள வந்தா முந்நூத்தி ஒண்ணு" என்றாள்.

மழை குடையில் சடசடத்தது. "அப்ப நான் இங்க வந்துடுறேன்" என்றார். "பாயை ஓரமாப் போட்டா கட்டில் கொள்ளும். பழைய இடம்தானே."

பழைய இடம்! அவளுக்கு அந்தக் கூடம் ஞாபகம் வந்தது, சீழ்க்கை ஞாபகம் வந்தது, தான் கெஞ்சிய பார்வை ஞாபகம் வந்தது. முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

"எது பழைய இடம்? சண்டையே இல்ல, ஒத்துமையா இருக்கோம், நான் இங்க படுத்ததே இல்லன்னு அத்தனை பேருக்கு நடுவுல சொன்னீங்களே. படுக்காத ஆளுக்கு இங்க ஏதுங்க இடம்?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். மெஷினைச் சொட்டாத மூலைக்கு நகர்த்தினாள். அதன் ஒரு கால் அந்தக் கட்டில் குழி ஒன்றில் சரியாக உட்கார்ந்தது. எடுக்கவில்லை, அப்படியே வைத்துத் தைத்தாள்.