மெல்போர்னின் பதினேழு வாக்குகள்

எழுபதுகளின் பின்பகுதியில் சிட்னியில் எனக்குக் கிடைத்த வேலை எண்ணுகிற வேலை. ரயில் நிலைய வாசலில் நின்று எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் வரலாறு படிப்பித்தவனுக்கு இது இறக்கமில்லையா என்று சிலர் கேட்டார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. பிழையில்லாமல் எண்ணத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் குறைவு. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தலைவர் பதவிக்கு முதல் தடவையாகப் போட்டி வந்தபோது, தேர்தலை நடத்த என்னைப் போட்டதும் அதனால்தான்.

அதுவரை எங்களுக்குப் போட்டி தெரியாது. ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கைதட்டிவிட்டு வடைக்குப் போவார்கள். அந்த ஆண்டு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கத்து டாக்டர். மற்றவர் நார்த்மீட்டில் வீடு வாங்கியிருந்த, தமிழ்நாட்டுத் திருநெல்வேலி எஞ்சினியர். இருவரும் மரியாதையானவர்கள், ஒருவரை ஒருவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் குறையை அவர்களுடைய ஆட்கள் நிரப்பினார்கள்.

சங்கத்தின் பெயரில் ஆஸ்திரேலியா என்று இருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் சிட்னியின் பரமட்டா ரயில் பாதையை ஒட்டித்தான் இருந்தோம். அந்தப் பெயரை நம்பி மெல்போர்னில் நோபல் பார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்பது வீடுகள், பதினேழு பெரியவர்கள், கிளையாகச் சேர விருப்பம், தலைவர் தெரிவில் தங்களுக்கும் வாக்கு வேண்டும். எழுதியவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்த பெண். செயற்குழு சம்மதித்தது. ஆண்டுக் கூட்டத்தில் முதலில் அவர்களைச் சேர்த்துக்கொள்வது, பிறகு தேர்தல் என்று நிகழ்ச்சி நிரலை நானே தட்டச்சு செய்தேன். பதினேழு பேரும் சிட்னிக்கு வர முடியாது என்பதால், பதினேழு வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பினேன். அவர்கள் வீட்டிலேயே பெயருக்கு நேரே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டு, ஒரே உறையில் ஒட்டி, அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. இதில் இருந்த ஓட்டை அப்போது எனக்குத் தெரியவில்லை. இரவில் கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை எழும்பிப் பார்க்கிறவன் நான். அதை மட்டும் பார்க்கவில்லை.

கூட்டம் ஒரு ஞாயிறு பிற்பகல், ஹோம்புஷில் ஒரு தேவாலய மண்டபத்தில். இரண்டு மணிக்கு ஆரம்பம். ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அறுபது கதிரை போட்டோம். என்னையும் அந்த மெல்போர்ன் பெண்ணையும் தவிர ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். உளுந்து தேடி அலைய வேண்டிய காலம். பட்டாணிப் பருப்பில் சுட்ட வடை மண்டபத்துக் குசினியில் மணத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அன்று காலைதான் ரயிலால் வந்து இறங்கியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் கைப்பை; கைப்பைக்குள் பழுப்பு உறை. அதைவிட்டு அவருடைய கை எடுபடவில்லை.

"ஒன்பது வீட்டுக்கும் நடந்தனான், அண்ணை," என்று கூட்டத்துக்கு முன் என்னிடம் சொன்னார். "ஒருத்தரும் லேசில சம்மதிக்கேல்லை. சிட்னிக்காரர் எங்கட வாக்கை எண்ணுவினமோ எண்டுதான் கேள்வி. எண்ணுவினம், அதுக்கு நான் பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டன். எண்ணாட்டி நான் அந்தச் சனத்தின்ர முகத்தில முழிக்கேலாது."

"எண்ணுறதுக்குத்தானே நான் இருக்கிறன்," என்றேன்.

இரண்டு நாற்பதுக்கு மெல்போர்ன் கிளையைச் சேர்க்கும் தீர்மானம் வந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள். அடுத்தது தேர்தல். ஒவ்வொருவராக வந்து திரை மறைவில் புள்ளடி போட்டு, மேசையில் இருந்த பிஸ்கட் தகரப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள். நாலு பென்சில் வைத்திருந்தேன். கடைசியில் மூன்றுதான் இருந்தது. ஐம்பத்திரண்டாவது சீட்டு விழுந்ததும், அந்தப் பெண் எழுந்து வந்து உறையை என்னிடம் நீட்டினார்.

அப்போதுதான் எஞ்சினியரின் ஆள் ஒருவர் எழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் வேலை, வாயும் கொஞ்சம் பெரிது.

"ஒரு சந்தேகம் சார். இவங்க சங்கத்துல சேர்ந்தது எப்போ?"

"இன்றைக்கு. இரண்டு நாற்பதுக்கு."

"ஓட்டுப் போட்டது?"

அந்தப் பெண் பதில் சொன்னார். "வியாழக்கிழமை."

"அது எப்படிங்க? இன்னிக்கு மத்தியானம் பொறந்த கொழந்தை வியாழக்கிழமையே ஓட்டுப் போட்டுடுச்சா?"

மண்டபம் சிரித்தது. டாக்டரின் பக்கத்து ஆள் ஒருவர், "சேர்க்கேக்க கை தூக்கினனீர் தானே, இப்ப என்ன விசர்க் கதை," என்றார். கோயம்புத்தூர்க்காரர், "கை தூக்கினது சேர்க்கறதுக்கு, முன்தேதி போடறதுக்கு இல்ல," என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். சட்டப்படி வாக்களித்த நாளில் அவர்கள் உறுப்பினர் இல்லை. நிகழ்ச்சி நிரல் என்னுடையது. பிழையும் என்னுடையது.

ஆனால் என்னிடம் மருந்து இருந்தது. படிப்பித்த காலத்தில் அமெரிக்க வரலாற்றில் நான் விரும்பிச் சொல்லும் ஒரு சம்பவம். எழுந்து நின்று சொன்னேன். மிசூரி என்றொரு புதிய மாநிலம். அது ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டதா இல்லையா என்று வழக்குத் தீர முதலே அதிபர் தேர்தல் வந்துவிட்டது. மிசூரியும் வாக்களித்தது. மூன்றே வாக்குகள். எண்ணுவதா, விடுவதா என்று சபையில் பெரும் சண்டை. கடைசியில் முடிவை இரண்டு விதமாக வாசித்தார்கள். மிசூரியைச் சேர்த்தால் இத்தனை, சேர்க்காவிட்டால் இத்தனை, எப்படிப் பார்த்தாலும் வென்றவர் இவர்தான்.

"சார் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு," என்று ஒரு குரல் வந்தது. ஆனால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கோயம்புத்தூர்க்காரரே தலையை ஆட்டினார். சிட்னி வாக்குகளைத் தனியாகவும் மெல்போர்ன் வாக்குகளைத் தனியாகவும் எண்ணி, இரண்டு விதமாகவும் அறிவிப்பது என்று சொன்னேன். எனக்கு அதில் பயமில்லை. வாசலில் நின்று வந்தவர்களை எண்ணியபோதே யார் யாருடைய ஆள் என்றும் மனதுக்குள் போட்டிருந்தேன். டாக்டருக்கு முப்பது, எஞ்சினியருக்கு இருபத்திரண்டு. மெல்போர்ன் எங்கள் ஊர்ச் சனம். அவர்களும் டாக்டருக்கே போட்டிருப்பார்கள். மிசூரியைப் போலவே இதிலும் வித்தியாசம் வராது.

உறையைக் கிழிக்கப் போனேன்.

"பொறுங்கோ அண்ணை," என்றார் அந்தப் பெண். "அந்த மிசூரிச் சனத்தின்ர வாக்கை எண்ணினவையோ, இல்லையோ?"

"இரண்டு விதமாகவும் வாசித்தார்கள்."

"அதைத்தான் கேக்கிறன். எண்ணினவையோ?"

பன்னிரண்டு வருடமும் அந்தக் கதையைக் கெட்டித்தனமான ஒரு தீர்வாகச் சொல்லியிருக்கிறேன். மிசூரியின் பக்கத்தில் நின்று ஒரு தடவையும் பார்த்ததில்லை.

"நான் திரும்பிப் போய் ஒன்பது வீட்டுக்கும் என்ன சொல்லுறது?" என்றார் அவர். "எண்ணினதுதான், ஆனா எண்ணாமலும் பார்த்தவை எண்டோ? அதோட, தனியா எண்ணினா நாங்கள் பதினேழு பேரும் ஆருக்குப் போட்டனாங்கள் எண்டு மண்டபம் முழுக்கத் தெரிஞ்சுபோகும். உங்கட வாக்கு ரகசியம், எங்கடது ஊருக்குச் சொல்லி விக்கிறதோ? சேர்த்தாச் சேருங்கோ. இல்லாட்டி உறையைத் தாங்கோ, நான் கொண்டு போறன்."

அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். குரல் உயரவில்லை.

நான் நிறையக் கவலைப்படுகிற மனிதன். ஆனால் சரி எது என்று தெரிந்த பிறகு தயங்கியதில்லை. உறையைக் கிழித்தேன். சீட்டுகளின் எழுத்துப் பக்கம் தெரியாமல் கவிழ்த்துப் பிடித்து எண்ணினேன், பதினேழு. தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கொட்டினேன். மூடியைப் போட்டு, பெட்டியைப் பத்துத் தடவை குலுக்கினேன்.

"சார், சார்," என்று கோயம்புத்தூர்க்காரர் ஓடி வந்தார்.

"முடிந்துவிட்டது," என்றேன். "தேர்தல் நடத்துகிறவன் நான். இது என் தீர்ப்பு."

மேசையில் கொட்டி எண்ணினோம். இரு பக்கத்திலும் ஒவ்வொருவர் நின்று பார்த்தார்கள். டாக்டருக்கு முப்பத்தாறு. எஞ்சினியருக்கு முப்பத்துமூன்று. மொத்தம் அறுபத்தொன்பது, ஒன்றும் குறையவில்லை.

மூன்று வாக்கு வித்தியாசம். அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கலந்துட்டா கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனச்சீங்களா சார்? இதப் பாருங்க."

சீட்டின் தலையில், நடுவில், சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. இன்னொன்றை எடுத்தார். அதிலும். "வீட்டுல சாமி முன்னாடி உக்காந்து நிதானமா போட்டிருக்காங்க. இங்க க்யூல நின்னவனுக்கு ஏது நேரம்? சுழி இருக்கறதெல்லாம் மெல்போர்ன் சீட்டு. அதோட நீங்க எழுதி ஒட்டின விதியையும் படிங்க. புள்ளடி தவிர வேறு குறி இருந்தால் வாக்கு செல்லாது."

உண்மைதான். இரண்டாவது விதி, என் கையெழுத்து, சுவரில் ஒட்டியிருந்தது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நானும் போட்டனான்," என்றார் மெல்ல. "கை தானாப் போட்டிட்டுது. முதல் வாக்கெல்லே."

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சுழி போட்ட சீட்டுகளைப் பிரித்து எடுத்து எண்ணினேன். ஒரு தடவை எண்ணி நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

"இருபத்தாறு," என்றேன். "மெல்போர்ன் முழுக்கப் போட்டிருந்தாலும் பதினேழு. மிச்சம் ஒன்பது பேராவது இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்."

பலர் தரையைப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் இருந்து எஞ்சினியர் எழுந்தார். அன்று அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"நானும் போட்டேன் சார். சுழி இல்லாம பேப்பர்ல பேனா வெச்சதே கெடையாது. பரீட்சைல போட்டு வாத்தியார்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன்." கோயம்புத்தூர்க்காரர் பக்கம் திரும்பினார். "விடுங்க தம்பி. என் ஓட்டையே செல்லாததாக்கி எனக்கு ஜெயிச்சுக் குடுக்கப் பாக்கறீங்க."

சிரிப்பு எழுந்தது. பின்னால் யாரோ, "நானும்தான்," என்றார்கள். இன்னொரு பெண், "எங்க வீட்டுல ரெண்டு பேரும்," என்றார். டாக்டரும் கையை உயர்த்தியதைக் கண்டேன். அந்த மெல்போர்ன் பெண் சுவருக்குப் போய், என் அறிவித்தலின் மேல் முனையில் விரலை வைத்தார்.

"அண்ணை, விதி எழுதின தாளின்ர தலையிலயும் இருக்குது."

இருந்தது. கறுப்பு மையில், நல்ல வடிவான சுழி. இரண்டு கிழமையாக அந்த அறிவித்தலைப் பிழை திருத்திப் பார்த்தவன் நான். அது என் கண்ணில் படவேயில்லை.

சுழி குறியல்ல, அறுபத்தொன்பது வாக்கும் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, "சரி, பிள்ளையாரோட யாரு கேஸ் நடத்தறது," என்று வடைக்குப் போனார். அன்றைக்கு அவர் தின்றது ஆறு.

மெல்போர்ன் யாருக்குப் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினேழும் டாக்டருக்கு என்றால், சிட்னியில் அவருக்குப் பத்தொன்பதுதான். என் வாசல் கணக்குச் சரி என்றால், மெல்போர்னில் பதினொரு பேர் எஞ்சினியருக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டையும் என்னால் நம்ப முடியவில்லை. இப்போது எனக்கு எண்பத்தொரு வயது. ஒரு கூட்டலை முடிக்காமல் விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். திரும்ப நடந்தாலும் பெட்டியை அப்படியே குலுக்குவேன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அந்தப் பெண் வந்தார்.

"ஒரு துண்டு எழுதித் தாங்கோ அண்ணை. வாய்ச்சொல்லை எங்கட சனம் நம்பாது."

மேசையில் குனிந்து, மெல்போர்ன் கிளையின் பதினேழு வாக்குகளும் எண்ணப்பட்டன என்று எழுதத் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு எண்டு போடாதேங்கோ," என்றார். "அறுபத்தொன்பது எண்டு போடுங்கோ."

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். சங்கத்தின் அறுபத்தொன்பது வாக்குகளும் எண்ணப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் போட்டார். எஞ்சினியரும் போட்டார். அந்தப் பெண் மூன்று பெயரையும் வாசித்துப் பார்த்தார், நாலாக மடித்து, காலையில் உறை இருந்த கைப்பைக்குள் வைத்தார்.

"அப்ப போயிட்டு வாறன்," என்றார். "ஒன்பது வீட்டுக்கும் காட்டவேணும்."

இந்த முறை கையைக் கைப்பையின் மேல் வைக்கவில்லை. ஒரு கையில் வடைப் பார்சலோடு, ரயிலுக்கு நேரமிருந்தும், விறுவிறுவென்று நடந்து போனார்.