வலிக்காத எட்டு நாட்கள்

கோவைப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் பதிவேடு எழுதிவந்தேன். மோட்டார் வைத்த செயற்கைக் காலைச் சோதிக்க, பல்லடத்துக் கோழிப்பண்ணைக் காவலாளி ஒருவர் அங்கே வந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தினமும் தன் ஒற்றைச் செருப்பை வாசலில் கழற்றிச் சுவரோரம் நேராக வைப்பார்.

"ஒத்தச் செருப்ப ஆருங்க தூக்கிட்டுப் போகப்போறாங்க?" என்று அந்தக் காலை வடிவமைத்த பொறியாளர் சிரித்தார்.

"என்னையாட்டம் ஒருத்தன் வந்துட்டானுங்கன்னா?" என்றார் அவர்.

பத்து நாள் சோதனையை முடித்தால் அந்தக் கால் அவருக்கே சொந்தம். அவர் கேமராக்களுக்கு முன் நடந்து முடித்ததும், வலி பத்துக்கு எத்தனை என்று நான் கேட்டு எழுத வேண்டும்.

"வலியே இல்லீங்க."

எட்டு நாளும் பூஜ்யம் எழுதினேன். செயற்கைக் காலை அவரே திரைக்குப் பின்னால் கழற்றிக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் பொறியாளர் கழற்றினார். தோலுக்கும் செயற்கைக் காலுக்கும் நடுவே மாட்டியிருந்த உள்ளுறை ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க சொல்லல?" என்றேன்.

"சொன்னாக் காலப் புடுங்கிப்போடுவீங்கல்லங்க?"

"எட்டு நாள் பதிவும் வீண். இவர எடுத்துட்டு அடுத்தாளக் கூப்பிடுங்க" என்ற பொறியாளர், காலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

காவலாளி கோபப்படவில்லை. ஊன்றுகோலுடன் வெளியே போனவர், அங்கே காத்திருந்த அடுத்த ஆளிடம் குனிந்து, "கால் நல்ல காலுங்க. வலிக்குதுன்னு மட்டும் வாயத் தொறந்துபோடாதீங்க" என்றார்.

அது என் காதில் தெளிவாக விழுந்தது. பொறியாளரிடம் நான் ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.