இரண்டு பெயிண்ட் வாளி மண்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலையில் ஏழு வருஷம் வேலை பார்த்த பிறகு, பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். தொழிற்சாலையில் ஒரு துளி தூசி வந்தாலும் திட்டு விழும். இங்கே மண்ணை மூட்டையாக அள்ளிக்கொண்டு வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

எங்கள் ஆய்வு பயற்றங்காய்ச் செடியின் வேரைப் பற்றியது. அந்த வேரில் மிளகு அளவுக்கு முடிச்சுகள் இருக்கும். உள்ளே வாழும் பாக்டீரியாக்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கும். பினாங்குத் தீவில் அவை எத்தனை வகை என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். முடிச்சுகளைச் சேகரிப்பது என் வேலை.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பழைய பெயிண்ட் வாளிகளில் ஓர் அக்கா பயற்றங்காய் வளர்ப்பதைப் பார்த்துப் போய்க் கேட்டேன்.

"செடியப் புடுங்கணுமா? இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு லா!"

"காய்ச்சு ஓஞ்சது இருந்தாப் போதும்க்கா."

கடைசியில் இரண்டு வாளியிலிருந்தும் ஒவ்வொரு செடி கொடுத்தார். நான் மண்ணை உதறியதும் வேரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்தக் கட்டிங்கள நோய்னு நெனச்சு நகத்தாலயே பிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி."

ஒரு முடிச்சைப் பிளேடால் நறுக்கிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. இப்படி இருந்தால் பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னேன். "ஐயோ பாவமே" என்று அக்கா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

முடிச்சுகளை நசுக்கி, பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, மரபணுவைப் பிரித்தெடுத்தேன். ஜெல்லில் ஓட்டினால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு கோட்டு வரிசை தெரியும். ஒரே வீடு, ஒரே விதை, பக்கத்துப் பக்கத்து வாளி. ஆனால் இரண்டின் கோடுகளும் கொஞ்சம்கூட ஒத்துப்போகவில்லை. இரண்டாவது வாளியில் மட்டும் மூன்று வகை.

ஆய்வை நடத்தும் டாக்டர் ஒரு சீன அம்மா. நல்லவர், ஆனால் வெடுக்கென்று பேசுவார். வேறு தோட்டத்து முடிச்சுக்கு நான் லேபலை மாற்றி ஒட்டியிருப்பேன் என்றார். ஏழு வருஷத்தில் ஒரு லேபல் மாற்றியவள் இல்லை நான். கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு மீதி முடிச்சுகளை எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அதே கோடுகள்தான் வந்தன.

சனிக்கிழமை மறுபடி ஜெலுத்தோங்கிற்குப் போனேன்.

"அக்கா, ரெண்டு வாளியும் ஒரே மண்ணுதானே?"

"யாரு சொன்னா? இது பாயான் பாருல என் தங்கச்சி வீட்டுத் தோட்டத்து மண்ணு. அது எங்க வீட்டுக்காரரு வேலையிடத்துல லோங்காங் வெட்டறப்ப அள்ளுனது. அரிசிப் பையில கட்டி மோட்டார் சைக்கிள்ல கொண்டாந்தாரு. வழியெல்லாம் கொட்டிச்சு."

எனக்கு அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. சாக்கடை வெட்டிய இடத்து மண்ணில் மூன்று வகை!

திங்கட்கிழமை இதைச் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சாரி லா" என்றார். அந்த வாரமே என்னோடு ஜெலுத்தோங்கிற்கு வந்தார். அக்காவுக்கு ஒரே பெருமை. இரண்டு பேரும் மலாயில் ஒரு மணி நேரம் உரத்தைப் பற்றிப் பேசினார்கள். தோட்டங்களோடு வீட்டு வாளிகளையும் ஆய்வில் சேர்ப்பது என்று அங்கேயே முடிவானது.

நாங்கள் கிளம்பிய பிறகு அக்கா இரண்டு மண்ணையும் மூன்றாவது வாளியில் கலந்து விதை ஊன்றியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து எனக்குப் போன் வந்தது.

"செடி ரெடி தங்கச்சி. எந்த மண்ணுக் கூட்டம் ஜெயிச்சதுன்னு பாத்துச் சொல்லு."

இதை ஓர் ஆய்வாளர் யோசித்திருந்தால் அதற்கென்றே தனியாக ஒரு திட்டம் எழுதியிருப்பார். செடியை வாங்கிவந்து ஜெல் ஓட்டினேன். ஒரே வேரில், ஒரு முடிச்சில் பாயான் பாரு வகை, அடுத்த முடிச்சில் சாக்கடைக்கரை வகை. யாரும் யாரையும் விரட்டவில்லை.

போனில் சொன்னேன்.

"ஒரே வேருல சண்ட போடாம இருக்குதுங்களா?" என்றார் அக்கா. "எங்க ப்ளோக்குல மோட்டார் நிறுத்தற எடத்துக்கே தெனம் சண்ட லா!"