கந்தக ஊற்றடியில் மூன்று பேர்

போன கிழமை, இங்கே சுவிஸில், பாடன் ஸ்ரேசனில் இறங்கி வெந்நீர்க் குளியல் பக்கம் நடந்தேன். தெருவிலேயே கந்தக மணம். எல்லோரும் மூக்கைச் சுழிக்க, நான் ஒருத்தி மட்டும் நின்று ஆசையாய் மூச்சை இழுத்து மணந்து பார்த்தேன். விசரி என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு அது நமீபியாவின் ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு. பத்து வருஷத்துக்கு மேலாகிறது. டீட்டிகோனில் ஒரே கிடங்கில் பெட்டி கட்டிய மூன்று பெண்கள் அங்கே நடக்கப் போனோம்: சுவிஸ்காரி ரெகுலா, சாந்தியக்கா, நான். பாலைவனத்துக்குள் ஐந்து நாள் நடை. மூன்று பேருக்குக் குறைந்தால் இறங்க விடமாட்டார்கள். நான் பின்வாங்கினால் அவர்களும் போகேலாது. அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. உடம்பு சரி என்று வைத்தியர் கையெழுத்து வைக்க வேண்டும். அதை நினைத்தே பிரஷர் ஏறியது. மூன்றாம் தரம் அளந்துதான் வைத்தார்.

ரெகுலா பாரம் குறைக்கவென்று பல் பிரஷின் பிடியையே பாதியாய் வெட்டியவள். நானோ அவள் பாராத நேரம் வறுத்த அரிசிமா, சம்பல், பனங்கட்டி என்று நாலு கிலோவைப் பையின் அடியில் செருகினேன். பசித்தால்? வழி தவறினால்? எங்கட சனம் ஏர்போர்ட்டுக்கே சோத்துப் பார்சலோடு போகிறது.

பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்து இறங்கி, கல்லும் மணலுமாய் நடந்து, இரண்டாம் நாள் கந்தக ஊற்றடியில் விழுந்து படுத்துவிட்டேன். தோள் உரிந்திருந்தது. வெளியே ஏற இதில் ஒரு பாதை இருக்கிறது, ஏறினால் மூவரும்தான், யோசி என்றாள் ரெகுலா.

சாந்தியக்கா என் பையைத் தூக்கி, திறந்து பார்த்தா.

"என்னடி இது, பிள்ளைப்பேறு பாக்கவோ வந்தனீ?"

"பசிச்சால் எண்டு..."

"இப்ப பசிக்குது. எடு."

மாவைக் குழைத்து, பனங்கட்டியைக் கடித்துத் தின்றோம். ரெகுலா மூன்று தரம் வாங்கினாள். மிச்சத்தை ஆளுக்கொரு பங்காய்ப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பாதையை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தேன்.

"நடப்பம்," என்றேன்.

ஐந்தாம் நாள் முதல் ஆளாய் வெளியே வந்தது நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஜெர்மன் வகுப்பையும் கார் பழகுவதையும் இடையில் விட்டவள். தொடங்கியதை முடித்தது அதுதான் முதல் தரம். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மகாராணி மாதிரிக் குந்தியிருந்து மற்ற இரண்டு பேரும் வரட்டும் என்று பார்த்திருந்தேன்.

ரெகுலா இப்போது எங்கடின் மலைப்பக்கம். சாந்தியக்கா கனடாவில், பள்ளத்தாக்கை விட்டு முதலில் ஏறியது தான்தான் என்று அங்கே சொல்லித் திரியிறாவாம். சொல்லட்டும். கிடங்கை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்த திங்கட்கிழமை, முகம் கறுத்து, சொண்டு வெடித்து அந்தக் கிடங்குக்குள் நடந்து போனபோது, அத்தனை பேரும் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர்கூட இன்றைக்கு டீட்டிகோனில் இல்லை.