பெரிய எழுத்தும் இடக்கை மவுஸும்

என்னோடு வேலை பார்த்த ஒருவர் மேல் பொய்ப் புகார் எழுதி, அவரை மேசையிலிருந்து கிளப்பி, எடைமேடைக் கொட்டகைக்கு அனுப்பினேன். எழுதும்போது அது பொய் என்று தெரியாது. சில நாட்களில் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. என் குற்றம் அந்த மூன்று மாதம்தான்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் நான் நிர்வாக அதிகாரி. முதுகலை படித்தவன். சுற்றறிக்கை எழுதுவதில் பெரும் பிரியம். எங்கள் அறையில் ஒரே கணிப்பொறி. மதியம் வரை எனக்கு. அதற்கு மேல், சரக்கு அனுப்பும் கணக்குப் பார்ப்பவருக்கு. பழவேற்காட்டுக்காரர், நாற்பது தாண்டியவர். எல்லோருக்கும் அவர் பாய்.

எனக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்களே என்று, திரையின் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டேன். மறுநாள் காலை வந்தால் கடுகாக இருந்தது. மறுபடி பூசணி, மறுநாள் மறுபடி கடுகு. இப்படி ஒரு மாதம். எனக்குப் பிறகு அந்த இயந்திரத்தைத் தொடுகிறவர் ஒருவர்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

“எழுத்தைச் சின்னதாக்கிட்டுப் போறது நீங்கதானே பாய்?”

“நானா? அல்லா சத்தியமா இல்ல சார். எழுத்த நீங்க வுட்டுட்டுப் போற மாதிரியேதான் வச்சிக்கினு வேலை பாக்கறேன். எனக்கும் பெரிசாக் கீறது சவுரியம்தான்.”

“அப்ப பேய் வந்து மாத்துதா?”

“பேய்க்குக் கம்ப்யூட்டர் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு சார் இங்க? பாதி வேலைய அதுங்கிட்ட குட்த்துட்டு மூணு மணி பஸ்ஸுக்கே ஊட்டுக்குப் பூடுவேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே மேலாளருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை நான்கு இடங்களில் போட்டேன். பாய் எடைமேடைக்குப் போனார். வாசலோரம் தகரக் கொட்டகை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் எடை போட வரிசையாக நின்று புழுதி கிளப்பும் இடம். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை எழுத்து கடுகாக இருந்தது.

அவருக்கு உள்ளே கூட்டாளி இருப்பதாக இரண்டு நாள் நம்பினேன். பிறகு பொன்னேரியிலிருந்து கணிப்பொறி பழுது பார்ப்பவரை வரவழைத்தேன்.

“சாயங்காலம் இத யார் சார் நிறுத்தறது?” என்று கேட்டார்.

எங்கள் வாட்ச்மேன் பெருமையோடு முன்னால் வந்தார். “நான்தான். அஞ்சரை ஆச்சுன்னா மெயின இழுத்துடுவேன். ஆளு குந்திக்கினு இருந்தாலும் இழுப்பேன். சாரே எழுதிப் போட்டுக்கீறாரு பாரு.”

சுவிட்சுக்கு மேலே என் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது பற்றி. கீழே என் கையெழுத்து.

“இந்த சாஃப்ட்வேர்ல ஒரு கோளாறு சார்,” என்றார் வந்தவர். “முறையா மூடினாதான் நீங்க மாத்தினதை ஞாபகம் வச்சிக்கும். மெயின இழுத்தா, ஒரு வார்த்தை சொல்லாம பழசுக்குப் போயிடும்.”

ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதை நானும் அதனிடமிருந்து கற்றுக்கொண்டேன். கணிப்பொறியை முறைப்படி மூடிவிட்டே மெயினைத் தொட வேண்டும் என்று வேறொரு சுற்றறிக்கை போட்டேன், காரணம் எழுதவில்லை. அன்று முதல் எழுத்து பூசணியாகவே நின்றது. அதைப் படிக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே அவர் இருமல் கேட்டது.

மூன்று மாதம் கழித்து, ஒரு டீ நேரத்தில் கொட்டகைக்குப் போய், இரண்டு லாரிக்காரர்கள் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். பாய் டீயைக் கீழே வைத்தார்.

“அப்ப என் மவுஸும் அதாலதானா?”

“எந்த மவுஸ்?”

“நான் இடக்கைக்காரன் சார். தினிக்கும் மதியம் மவுஸ் பட்டன கம்ப்யூட்டர்ல இடக்கைக்கு மாத்திக்குவேன். மறுநாள் வந்தா வலக்கைக்குப் போயிருக்கும். நீங்கதான் மாத்தறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“ஏன் பாய், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“கேட்டு இன்னா ஆவப்போவுது? ரெண்டு தட்டு தட்டினா திரும்ப வந்துடுது. இதுக்குப் போயி லெட்டரா எழுதுவாங்க?”

லாரிக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று மாலையே புகாரைத் திரும்பப் பெற்று, தவறு என்னுடையது, என் சுற்றறிக்கையுடையது என்று எழுதி, அதே சுவிட்சுக்கு மேலே ஒட்டினேன். பெரிய எழுத்தில்தான். மேலாளர் படித்துவிட்டு, “முதல்ல கண்ணாடி வாங்குங்க சார்,” என்றார். வாங்கினேன். பாய் மேசைக்குத் திரும்பினார்.

அதற்கு அடுத்த நாள் காலை, நான் எதை அழுத்தினாலும் வேறெதுவோ திறந்தது. மவுஸ் பட்டன்கள் இடக்கைக்கு மாறியிருந்தன. இயந்திரம் இப்போது எதையும் மறப்பதில்லை. இரண்டு தட்டு தட்டினால் போதும். தட்டவில்லை. மவுஸைத் தூக்கி இடப்பக்கம் வைத்தேன். ஓய்வு பெறும் வரை அப்படியே வேலை பார்த்தேன்.

“இன்னா சார், வயசான காலத்துல பீச்சாங்கைப் பழக்கம்?” என்று வாட்ச்மேன் தினமும் கேட்பார்.

பாய் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. மேசைக்கு வந்த பிறகும் அவருடைய இருமல் நிற்கவில்லை. மதியம் அவர் வந்து உட்காரும்போது, நான் எழுந்து எடைமேடைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவேன்.