அடுத்த வெள்ளிக்கிழமை

சென்ற வாரம் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஒரு பல்கலைக்கழக மாணவி மூச்சு வாங்க ஏறினாள். கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத டி-சட்டைகள், தாடை வரை. பள்ளிகளுக்குப் போய் மேற்படிப்பைப் பற்றிப் பேசப் போகிறார்களாம். கதவு மூடியதும் அந்த வாசனை வந்தது. புதுத் துணியும் அச்சு மையும் கலந்த, லேசாக மண்ணெண்ணெய் மாதிரியான வாசனை. எட்டாவது மாடியில் இறங்க வேண்டியவள் நான், பன்னிரண்டு வரை போய்விட்டேன்.

அந்த வாசனையில் எனக்கும் ஒரு சட்டை இருந்தது. ஆரஞ்சு நிறம். எல்லாருக்கும் ஒரே பெரிய அளவில் வாங்கிவிட்டதால், இரவல் நைட்டி போட்டவள் மாதிரி இருப்பேன். பட்டம் முடித்து, ஜார்ஜ் டவுனில் பல்கலைக்கழகத்தின் சின்ன அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த புதிது. சனிக்கிழமைகளில் பள்ளி மண்டபங்களுக்குப் போவோம். எங்கள் அதிகாரி புவான் ரோஹானா, அதாவது ரோஹானா அம்மையார், மலாயில் பேசுவார். தமிழ்ப் பெற்றோருக்கு நான் தமிழில் சொல்வேன். மைக்கைப் பிடித்தால் எனக்கு ஒரு தைரியம் வந்துவிடும். அரைகுறையாகத் தெரிந்ததையும் அடித்துச் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை சுங்கை பாக்காப் பள்ளியில் கூட்டம். பள்ளி இறுதியாண்டான ஐந்தாம் படிவ மாணவர்கள் முப்பது பேர் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாதம் தங்கி, ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெறலாம். பெயர்கள் தேர்வாகிவிட்டன. பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்ட ஒப்புதல் பாரம் மட்டும் வர வேண்டும். கடைசி நாள், இன்னும் ஆறு நாளில் வருகிற வெள்ளி. நான் மைக்கில் சொன்னது: "அடுத்த வெள்ளிக்கிழமை."

முடிந்ததும் பசி. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தேர்வானவர்களில் ஒருத்தியான தர்ஷினியின் அம்மா வந்தார். பார்வதி அக்கா. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

"தங்கச்சி, இந்த வெள்ளியா, அதுக்கு அடுத்த வெள்ளியா? அவங்க அப்பா லாரி எடுத்துக்கிட்டு ஜொகூர் போயிருக்காரு. வர எட்டு நாளாவும். அவரு கையாலதான் சைன் பண்ணணும்னு ஆசைப்படுறாரு."

நான் மிளகாய்ச் சம்பலுக்குள் நெத்திலியைத் தேடிக்கொண்டே சொன்னேன்: "அடுத்த வெள்ளிதான்க்கா. டைம் இருக்குலா, கவலப்படாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை பாரங்களை அடுக்கினேன். இருபத்தொன்பது. தர்ஷினியுடையது இல்லை.

"இந்தக் குடும்பத்துக்கு என்ன ஆச்சு?" என்று புவான் ரோஹானா கேட்டார்.

என் 'அடுத்த வெள்ளி'யை அக்கா அதற்கும் அடுத்த வெள்ளி என்று எடுத்துக்கொண்டது அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது: "மறந்துட்டாங்க போல, புவான். அவ்வளவா ஆர்வம் இல்ல."

பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஆர்வமில்லை' என்று எழுதினார். ஐந்து மணி வரை பார்க்கலாம், பிறகு காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயருக்கு இடம் போய்விடும் என்றார்.

கூப்பிட்டேன்; அக்காவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அதைப் பெட்டியில் பூட்டிவிடுவார்களாம். ஒரு வெற்றுப் பாரத்தை எடுத்துக்கொண்டு, நேரில் போய் வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குக் கடல் பாலத்தில் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் பாலத்துக் காற்றில் என் வண்டி ஆடும்; எனக்கு நடுங்கும். அவ்வளவு பெரிய பொய்யைக் கூசாமல் சொன்னவளுக்குக் காற்றுக்குப் பயம், பாருங்கள். பெர்ரிப் படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து தெற்கே ஓட்டினேன்.

தொழிற்சாலை வாசலில் காவலாளி தடுத்தார். ஆபீசில் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறார்கள், அனுமதி தர ஆளில்லை, இரண்டே முக்காலுக்குப் பாருங்கள் என்றார். வெயிலில் நின்றேன். நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு, வெள்ளை அங்கியும் தலையுறையுமாகப் பார்வதி அக்கா ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தர்ஷினிக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவலக்கா. பாரத்துக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"நீங்கதானே அடுத்த வெள்ளின்னு சொன்னீங்க?"

மேலிடத்தில் தேதியை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "தப்பு என்னோடதுக்கா. நீங்க கேட்டப்ப நான் சரியா காதுல வாங்கல."

அவர் திட்டவில்லை. காவலாளியின் மேசையில் பாரத்தை வைத்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். "அந்தப் புள்ள ரெண்டு நாளா பேக்க எடுத்து வெச்சிட்டு உட்கார்ந்திருக்கு. இனிமே யாருக்கும் கெழமைய சொல்லாதீங்க தங்கச்சி. தேதிய சொல்லுங்க." மேற்பார்வையாளர் கூப்பிட, உள்ளே ஓடிவிட்டார்.

பெர்ரி நிலையத்தில் என் கண் முன்னால் தடுப்பை இறக்கினார்கள். அடுத்த பெர்ரி வரும் வரை கடல் சாரலில் பாரம் நனையாமலிருக்க அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், வியர்வையை மறந்துவிட்டேன். அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்துக்குப் பத்து நிமிடம்.

புவான் ரோஹானா ஈரப் பாரத்தை விரித்துப் பார்த்தார். "ஆர்வமில்லாத குடும்பமா இது?"

சொன்னேன். எல்லாவற்றையும், நெத்திலி உட்பட. அவர் சிரிக்கவில்லை. "பட்டியல் இயக்குநரிடம் போய்விட்டது. நீயே மேலே போய்ச் சொல்."

இயக்குநர் கார் சாவியோடு நின்றிருந்தார். கேட்டு முடித்து, சிவப்பு எழுத்தை அடித்து, கையொப்பமிட்டார். "நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படிச் சொல்வாயா?" என்றார்.

தர்ஷினி போனாள், நன்றாகச் செய்தாள். நிறைவு நாளில் அக்காவைப் பார்த்தேன். அப்பாவும் வந்திருந்தார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். ஆண்டு முடிவில் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதனால்தானா என்று கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை.

அந்த அலுவலகம் இருந்த கடைவீட்டில் இப்போது காப்பிக்கடை நடக்கிறது. பள்ளிகளுக்கு இன்றும் போகிறார்கள், பாரம்தான் இல்லை. எல்லாம் கைப்பேசியில். கடைசி நாள் தாண்டினால் பெயர் தானாகவே அழிந்துவிடுமாம். எந்தக் குடும்பத்தைப் பற்றியும் பொய் சொல்ல அங்கே யாரும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பவும் யாரும் இல்லை.