சாந்தினி ஏன் நின்றது?

சேணம் தைக்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: அளவு சொல்லி வாங்குகிறவர் ஒருவர், முதுகில் போட்டுக்கொள்கிறது வேறொன்று, அதற்கோ வாய் கிடையாது. சட்டை அக்குளில் பிடிக்கிறது என்று தையற்காரரிடம் நீங்கள் சண்டைக்குப் போகலாம். குதிரை எங்கே போகும்? நின்றுவிடும், அவ்வளவுதான். மேலதிகாரி முன்னால் ஒன்றும் சொல்ல முடியாமல் கல்லாக நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அதே கதைதான்.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் எனக்கு ஒரு சின்னத் தோல் பட்டறை இருந்தது. மாஹிமில் ஒரு குஜராத்தி சேட் லாயம் வைத்து, சவாரி பழகுகிறவர்களுக்குக் குதிரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்த சேணம், கடிவாளம், வார் எல்லாம் என் கைவேலை. குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் இசக்கிமுத்து, நாங்குநேரிப் பக்கம். நானும் அந்தச் சீமைதான் என்பதால் எங்களுக்குள் நல்ல ஒட்டுதல். ஏதாவது ஒரு குதிரை முன்னே போக மறுத்தால் சேட் முதலில் ஆளனுப்புவது எனக்குத்தான். சாந்தினி என்ற வெள்ளைப் பெட்டைக் குதிரையால் அங்கே என் பேர் ஓங்கியது. அதே சாந்தினியால் கவிழ்ந்தது.

ரயில் கம்பி

மாட்டுங்காவிலிருந்து வைத்தியநாதன் என்று ஒரு கம்பெனி அதிகாரி பழக வந்தார். அவருடைய டைரக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை ஏறுகிறவராம்; இவருக்கும் ஆசை வந்துவிட்டது. "சேணம் சரியில்லை, அதான் நகர மாட்டேங்கறது" என்று புகார். போய்ப் பார்த்தேன். சாந்தினி ஓரடி எடுத்து வைத்ததுமே மனுஷர் கடிவாள வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். தினமும் கூட்ட ரயிலில் ஃபோர்ட்டிலுள்ள ஆபீசுக்குப் போய் வருகிறவர். காலுக்குக் கீழே எது அசைந்தாலும் கை தானாகக் கம்பியைத் தேடுகிறது. அதோடு குதிகாலால் விலாவில் உதை வேறு. கால் போ என்கிறது, கை நில் என்கிறது. பாவம், அது யார் பேச்சைக் கேட்கும்?

"கையைத் தளர விடுங்க சார்" என்றேன். விட்டார். சாந்தினி நடந்தது. ஒரு சுற்று போய்வந்து இறங்கியவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பாய், எங்க டைரக்டரும் இதேதான் பண்றார். ஃபைலைச் சீக்கிரம் அனுப்புங்கோம்பார், கையெழுத்து மட்டும் போடமாட்டார். இருபது வருஷமா நான் குதிரையா இருந்திருக்கேன், தெரியாமப் போச்சு."

பத்தடிக்கு ஒரு ஆட்டம்

கல்யாண மாதங்களில் சேட் சாந்தினியைச் செம்பூருக்கு அனுப்புவார், பஞ்சாபி வீட்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு. முன்னால் பேண்டு, பின்னால் குதிரைமேல் மாப்பிள்ளை, நடுவே சொந்தக்காரர்கள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று ஆடுவார்கள். அவர்கள் ஆடி ஓயும்வரை குதிரை அசையக் கூடாது. ஒரு மாதம் இப்படிப் போய்வந்த சாந்தினி, லாயத்துக்குத் திரும்பியதும் பத்தடி நடந்தது, நின்றது. மறுபடி பத்தடி, மறுபடி நின்றது.

சேட் சவுக்கைக் கொண்டுவரச் சொன்னார். நான் சேணத்தைத் தூக்கிப் பார்க்கிறேன், வாரைத் தளர்த்திப் பார்க்கிறேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. இசக்கிதான் சவுக்குக்கும் குதிரைக்கும் நடுவில் வந்து நின்று, சேட்டுக்கு இந்தியில் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடமெல்லாம் இல்ல பாய். நாலு பேரு ஆடி முடிக்கட்டும்னு மரியாதைக்கு நிக்குது" என்றார்.

பல்லும் லாடமும்

அந்த வருஷம் மழை ஓய்ந்தும் ஓயாமலும் சவாரி தொடங்குகிற நேரத்தில், சாந்தினியின் சேணத்தைப் பிரித்து உள்ளே புதுக் கம்பளி ரோமம் அடைத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஆள் வந்தது: சாந்தினி நகரவில்லை.

இந்தத் தடவை விஷயம் வேறு. வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வந்தது. ஆள் ஏறினால் காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைச் சுழற்றி, நின்ற இடத்திலேயே நின்றது. உதைத்தால் பின்னால் போயிற்று. சேட்டுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை செம்பூர்க் கல் குவாரியிலிருந்து தரகர் வருகிறார், கல் வண்டிக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார். இசக்கிக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருஷம் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த குதிரை அது.

நான் பெரிய மேதாவி மாதிரி பல்லைப் பார்த்தேன். லாடம் அடிப்பவரைக் கூட்டிவந்து குளம்பைப் பார்த்தேன். வாயில் புண் இருக்கிறதா என்று கடிவாள இரும்பைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "எதுக்கும் அந்தச் சேணத்தையும் ஒருக்கா பாத்துருவமா?" என்று இசக்கி மெல்லக் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகத் தைக்கிறேன், எனக்கே சொல்லித் தருகிறீரா என்று எரிந்து விழுந்தேன். மனுஷர் பதிலுக்குக் குரலைக்கூட உயர்த்தவில்லை. "சரி பாய். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சாக்கு

ஞாயிறு காலை தரகர் வருவதற்கு முன்னால் நான் போய்விட்டேன். மனசு கேட்கவில்லை. இசக்கி சேணம் போடாமல், ஒரு கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் ஏறியிருந்தார். கல் வண்டிக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை காலாற நடக்கட்டும் என்று நினைத்தாராம். சாந்தினி நடந்தது. காதை முன்னே நீட்டிக்கொண்டு, யாரும் உதைக்காமல், சொன்ன பக்கமெல்லாம் திரும்பி நடந்தது.

சேணத்தைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் தடவினேன். இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. பம்பாய் மழையில் ரோமம் எங்கே காய்கிறது? அவசரத்தில் ஈரவாடையோடு அடைத்திருக்கிறேன். அது உள்ளேயே காய்ந்து இறுகிவிட்டது. சாந்தினியின் முதுகில் அதே இடத்தில் விரலை வைத்தேன். உடம்பைத் தாழ்த்திக்கொண்டு நழுவியது. மூன்று வாரமாக ஒவ்வொரு ஆளும் ஏறும்போது அது இதைத்தான் சொல்லியிருக்கிறது. அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தரகர் வந்து நிற்கும்போதே சேட்டிடம் தப்பு என்னுடையது என்றேன். பத்து நாள் சும்மா விடுங்கள், முதுகு ஆறட்டும், வேறு சேணமாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். என் வேலையில் பாதி அந்த லாயத்துடையது. அதுவும் போனால் போகட்டும் என்று இருந்தது. சேட் பத்து நாள் கழித்து வரச் சொல்லித் தரகரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "குதிரையோட பல்லையெல்லாம் எண்ணிப் பார்த்தியே மைதீன், உன் கைவேலையை ஒரு தடவை பார்த்தியா?"

பத்தாம் நாள்

பட்டறைக் கூரைமேல் வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிடி ரோமத்தையும் நானே பிரித்துக் காயவைத்து அடைத்தேன். பத்தாம் நாள் தரகர் வேலியோரம் நிற்கிறார். வைத்தியநாதன் ஏறினார். சாந்தினி பத்தடி நடந்தது; நின்றது. வைத்தியநாதன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பயத்தில் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினார். சாந்தினி ஒருமுறை தலையை உலுக்கிவிட்டு, தன் பாட்டுக்கு நடந்து போயிற்று. தரகர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் இசக்கி பக்கத்தில் போய் நின்றேன். அவர் குதிரை போகிற திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது மறந்துட்டு பாய். எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாளாகும்."

முன்னே போக மாட்டேன் என்று நின்ற குதிரைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன், வெறும் பிடிவாதத்தால் நின்றதாக எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஜீவன்தான், அது தாராவியில் சேணம் தைத்துக்கொண்டிருந்தது.